மூன்று பாட்டில் தண்ணீர்

1

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆழ்துளைப் போர் போட்டோம். ஜாம்பியாவில், லுசாகாவிலிருந்து வடக்கே, செம்மண் பாதையில் அரைநாள் ஓட்டம். நல்ல தண்ணீர் வந்தது. பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்கள். தலைமையாசிரியர் வந்து எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் போர் என்றால் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, சரி என்று தாள் வந்த பிறகுதான் பம்பு மாட்ட விடுவார்கள். பாட்டிலோடு ஒரு படிவமும் போக வேண்டும். ஊர், ஆழம் எல்லாம் எழுதிய பிறகு அடியில் ஒரு கட்டம் இருக்கும். மாதிரி எடுத்தவர் பெயர், கையெழுத்து. பாட்டிலைக் கழுவியதும் நான்தான், குழாயடியில் பிடித்து மூடியதும் நான்தான். ஆனாலும் பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்ததும் கை நின்றுவிட்டது.

"தண்ணீர்தானே பாஸ், இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்று துளை போடும் எங்கள் ரிக் வண்டியில் வேலை செய்யும் மோசஸ் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

எதற்காகக் கை நின்றது என்பதை மோசஸுக்குச் சொல்லும் அளவுக்கு எனக்கு அவன் மொழியும் வராது, ஆங்கிலமும் வராது. தமிழிலும் நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் நடுவில் பேச வராத ஆள் நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

2

எனக்கு ராசிபுரத்துப் பக்கம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. ரிக் வண்டியில் எடுபிடியாக ஏறி, பிறகு டிரில்லர் ஆனேன். ஆந்திரா, ஒடிசா என்று மாதக்கணக்கில் வெளியில் கிடக்கும்போது வண்டியில் யாராவது வாங்கிப் போடும் வார இதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துத்தான் வாசிப்பு வந்தது. முதலாளி ஒரு வண்டியைக் கப்பலில் ஏற்றி ஜாம்பியாவுக்கு அனுப்பியபோது கூடவே என்னையும் அனுப்பினார். ரெண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதற்குப் பிறகு மனைவி சரசு வந்தாள், கைக்குழந்தையாக மகள் தாரணி வந்தாள். இப்போது அனுமதியைப் புதுப்பிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது, எவ்வளவு காலம் தங்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரெண்டு வருடம் என்றே வாயில் வருகிறது.

தாரணி வீட்டில் எங்களோடு தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அங்கே எங்களால் பின்னாலேயே போக முடியாது, வாசலில் நிற்க வேண்டியதுதான். சோளமாவுக் களியும் கீரையும்தான் அவளுக்கு வீட்டுச் சாப்பாடு. ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று சரசு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தாள். மாமா, அத்தை என்று கூப்பிடுவாள். அந்தக் கூப்பிடுதலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள்மேல் குறை இல்லை. நாங்கள்தான் அவளை அந்த மண்ணிலிருந்து எடுத்து வந்தோம்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு என்கிற உப்பு எங்கெங்கே அதிகம் என்று பார்க்கிற படிப்பு. அது அதிகமானால் பிள்ளைகளுக்குப் பல் காவியேறிவிடும், பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. எந்த ஊரை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டபோது, நம்ம ஊர்ப்பா என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் காட்டவில்லை. ரிக் நிற்கும் யார்டுக்குப் போய் கம்ப்ரசருக்கு எண்ணெய் மாற்றினேன்.

3

சரசுவின் அண்ணன் பெயர் அர்த்தநாரி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மஞ்சளும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிறார். அவரும் ஒரு காலத்தில் ரிக் ஓட்டியவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். தாரணிக்குத் தாய்மாமன். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. தாரணி பிறந்தபோது பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். நான் அப்போது இங்கே இருந்தேன்.

தாரணி தண்ணீர் எடுக்கப் போனபோது அவர் வீட்டில்தான் தங்கினாள். தன் காரிலேயே அவளை ஊர் ஊராகக் கூட்டிப் போனார். தெரியாத வீட்டில் நாய் குரைத்தால் முதலில் அவர் இறங்குவார். "எங்க பாப்பா டாக்டருக்குப் படிக்குதுங்க. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, தண்ணிக்கு டாக்டரு" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை நீட்டுவாராம். எல்லா ஊரும் முடிந்து அவருடைய ஊர் மட்டும் பாக்கி இருந்தபோது தாரணிக்கு விடுமுறை முடிந்துவிட்டது.

"நீ பிளேன் ஏறு சாமி. நம்மூருதான, மாமன் புடிச்சு சேலத்து லேபுக்கு அனுப்பிச்சர்றேன்" என்று மீதிப் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார். எந்தக் கிணறு எந்தப் பாட்டில் என்று அவள் சீட்டு ஒட்டிக் கொடுத்திருந்தாள். சொன்னபடி அனுப்பியும் வைத்தார்.

பிறகு அவள் கட்டுரை எழுதினாள். எழுதி அனுப்பிவிட்டு லீவுக்கு இங்கே வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் கரண்ட் இல்லை. இங்கே அது தினம் உள்ளதுதான். கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அனுப்பியதும் அச்சில் போட்டுவிடுவார்களா என்று கேட்டேன்.

"மாட்டாங்கப்பா. இதே வேலை செய்யற வேற ரெண்டு மூணு பேருக்கு அனுப்புவாங்க. அவங்க யாருன்னு எனக்குச் சொல்லமாட்டாங்க. படிச்சுட்டு, இது சரி, இது சரியில்லைன்னு எழுதுவாங்க. அதுக்கு நான் பதில் சொல்லணும்."

"அவிங்களுக்கு என்ன கூலி?" என்று சரசு கேட்டாள்.

"ஒண்ணுமில்லைம்மா."

"சும்மாவா படிக்கறாங்க? வேலவெட்டி இல்லாத ஆளுகளா இருப்பாங்க."

தாரணி சிரித்தாள். சரசு விடவில்லை. "அதுல மேல உம்பேரும் உங்க டீச்சரு பேரும் இருக்குதே, எங்கண்ணன் பேரு எங்க? காரு ஓட்டி, சோறு போட்டு, பாட்டில் புடிச்சது ஆரு?"

"மேல பேர் இருந்தா, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்லணும்மா. அதுக்கெல்லாம் மாமாவை இழுக்க முடியுமா? கடைசியில நன்றின்னு போட்டிருக்கேன். அதுல மாமா பேர் மட்டும்தான் இருக்கு."

அந்த லீவு முடிவதற்குள் அந்த முகம் தெரியாத ஆட்களில் ஒருவர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். ஒரே ஊரில் நான்கு கிணறுகளின் எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன, மாதிரி எடுத்ததைச் சரிபார்க்கவும் என்று. நான்கும் மாமா ஊர்க் கிணறுகள். தாரணி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் போன் போட்டாள்.

"அந்தந்த எடத்துலதான் புடிச்சன் சாமி. ஏன், மாமன் மேல சந்தேகமா?"

"ஐயோ, இல்லை மாமா."

போனை வைத்த பிறகு அவள் முகம் சிவந்திருந்தது. கேட்டிருக்கவே கூடாதுப்பா என்றாள். சரிபார்த்துவிட்டோம் என்று பதில் எழுதி அனுப்பினாள். கட்டுரை வந்தது. மச்சான் அவள் படத்தைப் போட்டு பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவில் அவர் ஃபிளெக்ஸில் இருக்கும் தாரணியைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

4

தாரணிக்கு ஒரு பழக்கம். தண்ணீர் கொடுத்த வீட்டுக்கெல்லாம் அவர்கள் கிணற்று முடிவைத் திருப்பிச் சொல்லிவிடுவாள். மச்சான் ஊர் முடிவுகளை அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே போடச் சொல்லியிருந்தாள். அடுத்த வருடம் நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். ஒவ்வொரு வீடாகப் போய் நேரிலும் சொல்ல வேண்டும் என்றாள். நான் துணைக்குப் போனேன்.

மச்சானின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடைய பங்காளியுடையது. வரப்புத் தகராறில் ஆரம்பித்துக் கோர்ட்டுவரை போன பகை. மச்சானின் அப்பா இறந்தபோது அந்த வீட்டார் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இனி அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று அன்றைக்குப் பிணத்துக்கு முன்னால் நின்று மச்சான் சொன்னார். நம் பக்கத்தில் இப்படிச் சொல்லிவிட்டால் அது அப்படியே நிற்கும். பிள்ளைகள் தலையெடுத்தாலும் நிற்கும். தாரணியிடம் இதை யாரும் சொன்னதில்லை. அந்த நான்கில் மச்சானுடையது போக மற்ற மூன்றும் அந்தக் குடும்பத்துப் போர்கள் என்பது, அவள் கேட்டைத் திறந்து உள்ளே நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பங்காளியின் மனைவி தெய்வானை வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திகைத்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க மாப்ள. இந்த ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். சண்டை எப்படி இருந்தாலும் முறை முறைதானே.

ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தாரணியிடம் கொடுத்தார். "குடி கண்ணு. நீ நல்ல தண்ணின்னு போட்டுக் குடுத்த தண்ணிதான். வாட்ஸப்புல பாத்ததுல இருந்து கேன் தண்ணி வாங்கறதயே நிறுத்திப்போட்டோம். பேத்தியும் இதத்தான் குடிக்கறா."

தாரணி சந்தோஷமாகச் சொம்பை வாங்கிக்கொண்டு, "மாமா இந்தப் பைப்புலதான் பிடிச்சாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"எந்த மாமன்?"

"அர்த்தநாரி மாமா."

தெய்வானை சிரித்தே விட்டார். "உங்க மாமனா? இந்த வாசலுக்கா? எங்க மாமனாரு செத்தப்பவே வராத மனுசன், பாட்டில் தூக்கிட்டு வருவாரா? எங்கூட்டுக்கு ஆருமே வல்லியே சாமி. வயசுப் பசங்க ஆராச்சும் வந்து தோட்டத்துப் பைப்புல புடிச்சிட்டுப் போயிருப்பாங்கன்னு நாங்க நெனச்சிட்டிருக்கறோம்."

தாரணி சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அப்போது அந்தப் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தது. ஆறேழு வயது இருக்கும். எங்களைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்து, உடனே கையால் மூடிக்கொண்டது. மூடுவதற்குள் பல்லில் இருந்த காவியை நானும் பார்த்துவிட்டேன், தாரணியும் பார்த்துவிட்டாள்.

"அத்தை, மறுபடியும் டெஸ்ட் பண்ணிச் சொல்றவரைக்கும் கேன் தண்ணியே குடிங்க. இன்னைக்கே வாங்குங்க" என்றாள். தெய்வானை என் முகத்தைப் பார்த்தார். நான் மிளகாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

மச்சான் மோட்டார் ரூம் பக்கத்தில் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். தாரணி நேராகக் கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை.

"நாலும் இங்க புடிச்சதுதான் சாமி" என்று தன் போர்க் குழாயைக் காட்டினார். "அந்த ஊட்டுத் தண்ணிய நான் தொடமாட்டன். எங்கப்பன் கெடந்த எடத்துல நின்னு சொன்ன வார்த்த."

"குடிக்கவா சொன்னேன் மாமா? ஒரு பாட்டில்ல பிடிக்கத்தானே சொன்னேன்?"

"குடிக்கறது வேற, புடிக்கறது வேறயா?"

"அப்ப முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டு மாமன் எதயாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கறனா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பூமிக்கடியில வேலியா போட்டு வெச்சிருக்குது? என்ற வரப்பு அது, அடுத்தாப்ல அவன் காடு. எல்லாம் ஒரே ஊத்துதான். எங்க மோந்தா என்னன்னு நெனச்சன் சாமி. உனக்குக் கெடுதல் நெனப்பனா நானு?" என்றார்.

ஒரு குழியில் தண்ணீர் வரும், பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் தூசு பறக்கும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. தாரணியும் என்னைப் பார்த்தாள். ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்க் குழாயில் நீட்டுவது அவருக்கு ஏன் முடியாத காரியம் என்று அவளுக்குப் புரியவே இல்லை. நான்கு எண்கள் எங்கிருந்து வந்தால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டும் புரிந்தது. புரிந்த ஆளுக்குத்தான் வாய் வரவில்லை.

மறுநாளே தாரணி அந்த மூன்று போர்களிலும் தானே தண்ணீர் எடுத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனாள். முடிவு வந்தபோது வாசித்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். தெய்வானை வீட்டுப் போரில்தான் எல்லாவற்றையும்விடப் புளோரைடு அதிகம்.

6

கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று அவள் சொன்னது இங்கே திரும்பி வந்த பிறகு. சமையலறை மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள்.

"திரும்பப் பெறறதுன்னா?" என்றேன்.

"அது தப்பு, அதை யாரும் நம்ப வேண்டாம்னு நாங்களே எழுதிக் குடுக்கறதுப்பா. ஏன் தப்புன்னும் எழுதணும்."

சரசு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"இல்லை."

"அப்பறம்? அந்த ஊட்டுக்குச் சொல்லியாச்சு, அவிங்க கேன் தண்ணி வாங்கியாச்சு. முடிஞ்சுதல்ல? நீயே போயி எதுக்குத் தலைய நீட்டற?"

"அந்தக் கட்டுரையைப் பார்த்துட்டு நாளைக்கு வேற ஊர்ல யாராவது ஒரு முடிவு எடுப்பாங்கம்மா. இந்த ஆழத்துல தண்ணி நல்லாயிருக்கும்னு நினைப்பாங்க."

"அப்படீன்னா நாந்தான் தப்புப் பண்ணிட்டன்னு உன்ற மேல போட்டு எழுதிக்க. எங்கண்ணன எதுக்கு இழுக்கற?"

தாரணி கம்ப்யூட்டரைப் பாதி மூடினாள். "அப்படி எழுதினா அதுவும் பொய்தானேம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விட்ட மகளைச் சரசு பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

பல்கலைக்கழகத்தில் ஒரு விசாரணைக் குழு வைத்தார்கள். வரிசையாகக் கடிதங்கள் வந்தன. மாதிரி எடுத்தவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். தாரணி மொழிபெயர்க்கக் கூடாதாம், அவள் சம்பந்தப்பட்டவள். இலங்கைத் தமிழர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். வீடியோவில் நடந்தது. மச்சான் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீயும் கூட இரு" என்றார். குழுவிடம் கேட்டு, பேசாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு என்னை அனுமதித்தார்கள். எனக்கு அது கஷ்டமான நிபந்தனை இல்லை.

மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கோர்ட்டுக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்த நாலு போத்தலையும் எங்க வச்சு நிரப்பினீங்கள்?" என்று இலங்கைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"என்ற தோட்டத்துலீங்க. நாலும் என்ற போர்லதானுங்க."

"ஏன் அப்பிடிச் செய்தீங்கள்?"

மச்சான் கீழே பார்த்தார். நான் இங்கே என் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பகையை, அந்தச் சாவை, ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"அது எங்க குடும்பத்துச் சமாச்சாரமுங்க. அத எழுதிக்காதீங்க" என்றார் அவர். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அது கேட்டுச்சு, நாந்தான் பொய் சொன்னன். அத எழுதிக்குங்க."

அப்படியேதான் எழுதிக்கொண்டார்கள். காரணத்தைச் சேர்க்கலாமா என்று தாரணியின் பேராசிரியர் பிறகு அவளிடம் கேட்டாராம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதை நாம் எழுத முடியாது என்று தாரணி சொல்லிவிட்டாள்.

அறிவிப்பு சின்னதாக வந்தது. நான்கு கிணறுகளில் மூன்றின் மாதிரிகள் அந்தந்த இடத்தில் எடுக்கப்படவில்லை, உள்ளூரில் எடுத்தவர் அதை ஒப்புக்கொண்டார், அதனால் எழுதியவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். அவ்வளவுதான். மச்சான் பெயர் அதில் இல்லை. ஆனால் பழைய கட்டுரையின் நன்றி வரியில் இருந்தது அவர் பெயர் ஒன்றுதானே. ஊர்க் குழுவில் யாரோ அதைப் போனிலேயே தமிழாக்கிப் போட்டார்கள். அந்தத் தமிழில் மோசடி என்று ஒரு வார்த்தை வந்திருந்தது. ஆங்கிலத்தில் அப்படி இல்லவே இல்லை என்று தாரணி அழுதாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஃபிளெக்ஸை மச்சானே ஏறி அவிழ்த்தாராம். பங்காளி வீட்டு ஆட்கள் அந்த நேரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்களாம்.

தாரணியின் பட்டம் தள்ளிப்போனது. கிடைக்கிற மாதிரி இருந்த ஒரு வேலை வேறு ஆளுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சரசு அண்ணனுக்குப் போன் செய்வாள். அண்ணிதான் எடுப்பார். "தோட்டத்துக்குப் போயிருக்காருங்க" என்பார். பின்னால் டி.வி. ஓடும், மச்சான் இருமுவது கேட்கும். சரசு, "சரிங்க அண்ணி, வந்தாச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவாள்.

7

தாரணி மறுபடியும் போனாள். இந்த முறை சேலத்தில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, அந்த ஊரின் எல்லாக் கிணற்றிலும் தானே தண்ணீர் எடுத்தாள். மாமா வீட்டுக்கும் போனாள். மாமாவின் வண்டி வாசலிலேயே நின்றது. மாமா வரவில்லை. மாமாவின் மனைவிதான் வந்து, எடுத்துக்கோ கண்ணு என்று மோட்டாரைப் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எழுதி, முகம் தெரியாத ஆட்கள் படித்து, கேள்வி கேட்டு, பதில் சொல்லி, புதுக் கட்டுரை போன மாதம் அச்சுக்குத் தயாரானது. அதற்காக இங்கே வந்து எங்களோடு இருந்தாள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் ஒவ்வொரு வீடாகப் பெயர் போட்டிருந்தாள். தெய்வானை பெயரும் இருந்தது.

"எங்கண்ணன் பேரு?" என்றாள் சரசு.

"கேட்டுட்டுத்தான் போடணும்மா. நன்றி சொல்றதுக்கும் அவங்க சம்மதம் வேணும். பேர் போட்டா, அந்தக் கட்டுரையை அவரும் ஒத்துக்கறார்னு படிக்கறவங்க நினைச்சுக்குவாங்க."

"நன்றி சொல்றதுக்குமா ஆராச்சும் கேப்பாங்க?"

எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. நம்மிடம் ஒருவர் செய்த உதவியைச் சொல்ல அவரிடமே போய் அனுமதி வாங்க வேண்டும் என்பதை நான் எங்கும் கேட்டதில்லை. ஆனால் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. போன தடவை கேட்காமல்தான் போட்டிருந்தாள். அந்த வரியை வைத்துத்தான் ஊர் அவரைப் பிடித்தது.

தாரணி தமிழில்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். இடையிடையே என்னிடம் காட்டிக் கேட்டாள். நீங்கள் கூட்டிப் போகாமல் இந்த வேலையே நடந்திருக்காது மாமா, நன்றி சொல்கிற இடத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்பதுதான் அதில் இருந்தது. அனுப்பினாள். படித்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் கொடுத்த நாள் முடிந்தது. இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் என்று எழுதிக் கேட்டாள், கொடுத்தார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

அந்த நாட்களில் சரசு சமைக்கும்போதும் தாரணியின் போன் மேசையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சமைத்தாள். நான் யார்டிலிருந்து வந்ததும் இருவர் முகத்தையும் பார்ப்பேன். கேட்க மாட்டேன்.

போன சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. எழுத்து இல்லை, குரல். தாரணி எச்சில் கையோடு இடது கையால் அழுத்தினாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு நடுவில், "வேண்டாஞ் சாமி."

அவ்வளவுதான். மோட்டார் சத்தம் இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது.

"இன்னொருக்கா போடு" என்றாள் சரசு. போட்டாள். "இன்னொருக்கா." அப்படி எத்தனை தடவை கேட்டாள் என்று தெரியாது. "கோவமாச் சொல்லுலீங்க" என்று என்னிடம் சொன்னாள். "சாமீன்னுதான சொல்லியிருக்குது. கோவமா இருந்தா அப்படிச் சொல்லுமா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு அவள் எழுந்து, தட்டில் சோறு அப்படியே இருக்க, உள்ளே போனாள்.

தாரணி கை கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவர் சம்மதம் வந்தால் போடுவதற்கென்று ஒரு வரியை எழுதி வைத்திருந்தாள். அதை அழித்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டுரையை அனுப்பினாள்.

"அப்பா, மாமாவுக்கு நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று போனை என் முன்னால் நீட்டி, பதிவாகும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

மச்சான் என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் விரலை எடுத்தாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குப் போய்விட்டது.